மகள் புலம்பலுக்குப் பதிலாக

இனி யாரும் கூப்பிடப் போகாத “யோகம்” என்ற செல்லப் பெயரால் என்னைக் கூப்பிட்டு வளர்த்த என் அம்மாவுக்கு,

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்தாறு நாள். வருகிற வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள். காலையில் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை முடித்து வந்து, வீட்டில் சாப்பாடு போட்டு, வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு கல்வெட்டுப் புத்தகம் கொடுத்து அனுப்ப வேண்டும். நம் ஊரில் யார் செத்தாலும் அச்சாகிற புத்தகம்தான். முன்னால் படம், பிறகு வாழ்க்கை வரலாறு, பிறகு மகன் புலம்பல், மகள் புலம்பல், மருமகள் புலம்பல் என்று ஆளாளுக்கு ஒரு பாட்டு. செத்த வீடுகளில் கிடைத்ததை எல்லாம் ஒரு பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்தீர்களே. யார் வீட்டுப் புத்தகத்தில் யாருடைய பெயர் விடுபட்டது என்று முதலில் கண்டுபிடிப்பதும் நீங்கள்தான்.

அச்சக வேலையை என்னிடம் விட்டார்கள். நான்தானே ஊரில் இருக்கிற பிள்ளை. போன திங்கட்கிழமை சந்தையை முடித்துக்கொண்டு அப்படியே போனேன். கையில் வாழைக்கயர்க் கறை. கணினிக்கு முன்னால் இருந்த பெண்பிள்ளை ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

“எழுத்துப் பிழை மட்டும் பாருங்கோ அக்கா. விசயத்திலை கை வைக்க வேண்டாம் எண்டு வாத்தியார் சொல்லி விட்டவர்.”

விசயத்தில் எனக்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கினேன். நீங்கள் பிறந்தது, அப்பா தபாலதிபராக ஊர் ஊராக மாறியது, நீங்கள் விரதங்கள் பிடித்தது எல்லாம் வந்தது. பிறகு இது வந்தது: “இடம்பெயர்வினால் அனைத்தையும் இழந்து நின்ற வேளையில், அருமை மகன் நேசன் கனடாவில் இருந்து அனுப்பிய உழைப்பினால் இக்குடும்பம் மீண்டும் தலைநிமிர்ந்தது.” அதற்குக் கீழே: “மகள் யோகராணி, இல்லத்தரசி.”

அச்சுப் பிழை என்று நினைத்தேன் அம்மா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். வேறு வீட்டுப் பக்கம் மாறி வந்துவிட்டது என்று. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் மகள் புலம்பல்:

“உலகறியாப் பேதை நான் உலைவைத்த அடுப்படியில்
நிலைகுலைந்து நிற்கின்றேன் நீயின்றி என் தாயே.”

அன்று காலை ஆறு மணிக்கு, கொழும்பு லொறிக்காரன் ஒருவனை, காய் முற்றவில்லை என்று பொய் சொல்லி என்னைப் பேய்க்காட்டப் பார்த்தவனை, குலையில் ஒரு காயை முறித்துக் காட்டி வாய் மூட வைத்துவிட்டு வந்தவள் நான். உலகறியாப் பேதை!

வாத்தியார் வீட்டுக்கு நேரே போனேன். உங்களுக்கு அவரைத் தெரியும். இந்தப் பக்கத்தில் பாதிக் கல்வெட்டு அவர் பாடியதுதான். சாய்மனைக் கதிரையில் இருந்தபடி என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

“வாத்தியார், இது ஆர் சொல்லி எழுதினது? தம்பியே?”

“தம்பி என்ன பிள்ளை, உங்கடை அம்மாதான். மூண்டு வருசத்துக்கு முந்தி என்னைக் கூப்பிட்டு, பக்கத்திலை இருத்தி, சொல்லச் சொல்ல எழுத வைச்சவ. மகள் புலம்பலையும் தனக்கு முன்னாலை பாடிக் காட்டச் சொன்னவ.”

“என்னைப் பற்றி நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கேட்டனான் பிள்ளை. மூத்தவ வாழைக்குலை வியாபாரம் செய்யிறா, ஊருக்கே தெரியுமே, அதையும் ஒரு வரி போடட்டோ எண்டு கேட்டனான். ‘ஊருக்குத் தெரியும் வாத்தியார். புத்தகத்துக்குத் தெரிய வேண்டாம்’ எண்டிட்டா.”

அந்தக் கொப்பியையும் எடுத்துக் காட்டினார். கடைசித் தாளில், எல்லாம் சரி என்று உங்கள் கையெழுத்து. கோணாத, அழகான கையெழுத்து. அப்பாவுக்குத் தந்தி வந்தால் அவருக்குப் பதிலாக நீங்கள் வாங்கிக் கையெழுத்துப் போடுவீர்களே, அதே கையெழுத்து.

இதை வாசிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டி இருக்கிறது. என் மனிசன் போரில் செல்லடி பட்டுச் செத்தபோது என் மகள் ஆர்த்திக்கு இரண்டு வயது. அடுத்த வருடம் ஊரே இடம்பெயர்ந்தது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டிலில் அப்பா காய்ச்சலில் போனார். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குள் கதவும் நிலையும் கிடந்தன. தம்பி அதற்கு முன்பே கனடாவுக்கு வெளிக்கிட்டுவிட்டான். நீங்கள், நான், ஒரு பிள்ளை. மூன்று பேரும் பெண்கள்.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் இரண்டு கதலி வாழைக்குலை கேட்டு வாங்கினேன். சைக்கிள் கரியரில் தடி வைத்துக் கட்டி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு உருட்டிக்கொண்டு போனேன். சைக்கிள் ஓடத் தெரியும். குலையோடு ஓட அன்றைக்குத் தெரியாது. தபாலதிபரின் மகள் குலை உருட்டிக்கொண்டு போகிறாள் என்று பார்த்தவர்கள் பார்த்தார்கள். நீங்கள் அன்று சொன்னது ஒன்றே ஒன்று.

“பருத்தித்துறை வீதியாலை போகாதை பிள்ளை. பின் ஒழுங்கையாலை போ.”

போனேன். ஒன்றரை மைல் கூடுதல். அந்த வயதில் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உங்களுக்கு மனசு ஆறட்டும் என்று போனேன்.

ஆனால் அம்மா, நீங்கள் வீட்டுக்குள் இருந்து வெட்கப்பட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர் என்றால் எனக்கு இந்தக் கோபமே வந்திராது. பின் வளவில் கிடங்கு வெட்டியபோது மண் அள்ளியது நீங்கள். சருகு பரப்பி, குலைகளை அடுக்கி, மேலே மூடி, ஒரு ஓட்டையால் தும்புப் புகை ஊதிப் பழுக்க வைக்கிற வேலையை நான் உங்களிடம்தான் விட்டேன். மூன்றாம் நாள் மூடியைத் திறக்காமலே, ஓட்டையில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வீர்கள்: “கப்பல் வாழை பழுத்திட்டுது. கதலிக்கு இன்னும் அரைநாள் குடு.” ஒரு நாளும் பிழைத்ததில்லை. சந்தையில் என் பழத்துக்குப் பெயர் வந்தது உங்கள் மூக்கால்.

பெருங்காற்று அடித்த வருடத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது குத்தகைக்கு எடுத்து நானே வைத்த தோட்டம், எண்ணூறு மரம், குலை தள்ளி நின்ற நேரம். விடிந்து பார்த்தால் ஒன்று நிற்கவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. நான் வரம்பில் குந்திவிட்டேன். எழும்ப முடியவில்லை. நீங்கள் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினீர்கள்.

“என்னடி குந்திக்கொண்டிருக்கிறாய்? முத்தினது ஒரு பக்கம், முத்தாதது ஒரு பக்கம். முத்தாததைக் கறிக்கு வில்லு. வெய்யில் ஏறமுன்னம் கத்தியை எடு.”

மத்தியானம் வரை இரண்டு பேரும் வெட்டினோம். உங்களுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒரு குலையைத் தூக்கி வழுக்கி விழுந்து, சேற்றோடு இருந்தபடி நீங்கள் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் அழிந்து கிடக்கிற தோட்டத்தில் இரண்டு பெண்கள் இருந்து சிரிக்கிறோம் என்று அடுத்த தோட்டத்துச் சின்னையா அண்ணை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், பயித்தியம் பிடித்துவிட்டதோ என்று.

இவ்வளவையும் ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார், அது போதும் என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் ஓடினேன். ஊர் என்ன சொன்னாலும் அம்மாவுக்குத் தெரியும். குலை வெட்டுகிறவள் என்று ஆர்த்திக்குச் சம்பந்தம் பேசிய வீட்டில் முகம் சுளித்தபோதும் அதையே நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரியும்.

தெரிந்த ஆளே அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனால் நான் எங்கே போய்க் கேட்பது?

என் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு ஓடு போட்ட வருடம், வந்திருந்த மாமியிடம் நீங்கள் விறாந்தையில் இருந்து, “நேசன்தான் அனுப்பினவன்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து, “இல்லை மாமி, நான்தான்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. ஒரு பெண் தனியாக உழைத்துக் கூரை போடுகிறாள் என்றால் நாலு பேர் கைமாற்றுக் கேட்டு வருவார்கள், நாலு பேர் தோட்டத்துக்குள் கண் வைப்பார்கள். அண்ணன் தம்பி வெளிநாட்டில் இருந்து பார்க்கிறான் என்றால் கொஞ்சம் பயம் இருக்கும். வியாபாரி மூளை அப்படித்தான் கணக்குப் போட்டது. ஒரு நாளைக்குச் சொல்கிற பொய் என்று நினைத்தேன். நீங்கள் அதை அச்சுக்கு அனுப்புவீர்கள் என்று நினைக்கவில்லை.

நேசனிடம் கேட்டேன். கொள்ளி வைக்க வந்தவன் அந்தியேட்டி வரைக்கும் நிற்கிறான். கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டிருந்தவன் கையில் தாளைக் கொடுத்தேன். வாசித்தான். பல் தூரிகையை வாயில் வைத்தபடியே நின்றான்.

“நீ அனுப்பினியோடா?”

துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தான். இரண்டு தரம் கொப்பளித்தான். “இல்லை அக்கா.”

“பேந்து இது என்ன?”

“அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறா. ஊரிலை அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன், ஆரும் கேட்டால் மாறிச் சொல்லிப் போடாதை எண்டு.”

“எப்ப சொன்னவ?”

“அந்தக் கொமினிக்கேசனுக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு வருவியளே, அந்தக் காலத்திலை.”

அம்மா, அந்தத் தொலைபேசிக் கடைக்கு உங்களைச் சைக்கிள் பாரில் இருத்தி ஓடிக்கொண்டு போனது யார்? கண்ணாடிக் கூட்டுக்குள் நீங்கள் கதைக்க, வெளியே வாங்குப் பலகையில் இருந்து, மகனோடு கதைக்கிறா, தொந்தரவு செய்யக்கூடாது என்று காத்திருந்தது யார்? வந்து ஏறும்போது உங்கள் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். அதைப் பார்த்து எனக்கும் நிறைவாக இருக்கும். உள்ளே இருந்து நீங்கள் என்னை அழித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

நேசன் கெஞ்சினான். “இருக்கட்டும் விடுங்கோவன் அக்கா. என்ரை மனிசியின்ரை ஆக்கள் வாசிப்பினம். என்ரை பிள்ளையள் வாசிக்குங்கள். உங்களுக்கு என்ன, ஊருக்கே தெரியும்தானே.”

நீங்கள் சொன்ன அதே பேச்சு. ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிவது எத்தனை நாளைக்கு? சின்னையா அண்ணை போய்விட்டார். சந்தையில் என்னோடு இருந்த கிழவிகள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். நாற்பது வருடம் கழித்து ஆர்த்தியின் பேரப்பிள்ளை ஒன்று பெட்டியைத் திறந்தால் கையில் வருவது இந்தப் புத்தகம்தான். அதில் நான் அடுப்படியில் நிற்பேன், நிலைகுலைந்து.

அன்று பின்னேரம் ஆர்த்தி என்னைப் பார்த்துக் கேட்டாள், “அம்மா, உங்களுக்கு இப்ப அழுகையோ கோபமோ?”

“ரெண்டுக்கும் நேரமில்லை. விடிய இதரை வாழையிலை ஐம்பது குலை வெட்டோணும்.”

சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கு. ஆனால் விடிய எழும்பிப் போனேன். தோட்டத்தில் நின்று குலைக்குக் குலை காயைத் தட்டிப் பார்த்தேன். தோட்டக்காரன் பிஞ்சு இரண்டை நடுவில் செருகப் பார்த்தான், பிடித்தேன், திட்டினேன், சிரித்தான், நானும் சிரித்தேன். லொறி ஏற்றி முடிந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் என்னால் நிற்க முடிகிறது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். பார்த்த ஆள் கண்ணை மூடிக்கொண்ட பிறகும் நிற்கிறேன். இது சந்தோசமான செய்தியா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அது வெறும் தனிமையாகத்தான் இருந்தது.

ஏன் அம்மா? சந்தையில் நிற்கிற மகளின் சோற்றை உண்டேன் என்று எழுத உங்களுக்குக் கூச்சமா? வெறுங்கையாக நிற்கிற மகனுக்கு ஒரு பெயராவது கொடுத்து அனுப்பலாம் என்று நினைத்தீர்களா? இவள் தாங்குவாள், அவன் தாங்க மாட்டான் என்று கணக்குப் போட்டீர்களா? கடைசிக் கேள்விதான் எனக்கு அதிகம் நோகிறது. பலமான பிள்ளைக்குக் கொடுக்காமல் விடலாம் என்று யார் சொன்னது? பலம் எனக்கு வரமாக வந்ததில்லை. உங்களுக்குத் தெரியும் அது எந்தச் சேற்றில் இருந்து வந்தது என்று. நீங்களும் அந்தச் சேற்றில் நின்றீர்கள். என்னை அழித்தபோது நீங்கள் உங்களையும் சேர்த்துத்தான் அழித்திருக்கிறீர்கள். புகை ஊதிய அம்மா இந்தப் புத்தகத்தில் எங்கே? மண் அள்ளிய அம்மா எங்கே? விரதம் பிடித்த அம்மா மட்டும் இருக்கிறார்.

மூன்று நாள் யோசித்தேன். பேனையை எடுத்து நாலு வரி வெட்டிவிட்டால் முடிந்தது. அச்சகத்துப் பிள்ளை மாற்றித் தந்திருப்பாள். ஆனால் வாழ்க்கை வரலாறு நீங்கள் உங்கள் வாயால் சொன்னது, கையெழுத்து வைத்தது. செத்த ஆளின் பேச்சை வெட்டுவது நேர்மையான வியாபாரம் ஆகாது. அதனால் அதில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. நேசனின் உழைப்பு அங்கேயே இருக்கிறது. “இல்லத்தரசி” அங்கேயே இருக்கிறது.

மகள் புலம்பல் வேறு. அது என் வாய். என்னைப் பற்றி நீங்கள் என்னவும் சொல்லலாம். நானே சொல்வதாக நீங்கள் சொல்ல முடியாது. அந்தப் பாட்டை எடுத்துவிட்டு அந்தப் பக்கங்களில் இந்தக் கடிதத்தைப் போடச் சொல்லிவிட்டேன். வாத்தியார், “கல்வெட்டிலை வசனநடை வழக்கமில்லையே பிள்ளை” என்றார். “உலகறியாப் பேதைக்கு வழக்கம் தெரியாது வாத்தியார்” என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

அச்சுக்குக் கொடுக்க முன் நேசனிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவனுக்குத் தெரியாமல் அவனை ஊருக்கு முன் நிறுத்தினால் நானும் உங்களைப் போல ஆகிவிடுவேன். நீண்ட நேரம் வைத்திருந்தான். ஒரு வரியை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன்.

“சாப்பிட வாற சனம் என்ன சொல்லும் அக்கா?”

“சாப்பிட வாற சனம் சாப்பிட்டிட்டுத்தான் வாசிக்கும். நீ பயப்பிடாதை.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்: “அனுப்பேல்லை எண்டு எழுதினால் ஏன் அனுப்பேல்லை எண்டும் எழுதுங்கோ.” அது நியாயம். எழுதுகிறேன். ஒன்பது வருடம் அவனுக்கு அங்கே தங்குவதற்கான பத்திரம் கிடைக்கவில்லை. ஒளித்துக்கொண்டு உணவுக்கடையில் கோப்பை கழுவினான். வெளிநாடு போகப் பட்ட கடனுக்கே அந்த உழைப்பு போதவில்லை. பிறகு பிள்ளைகள். அவன் கெட்டவன் இல்லை. இல்லாததை அவன் அனுப்பவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவன் பட்ட பாட்டையும் நீங்கள் எழுதவில்லையே அம்மா. கோப்பை கழுவிய மகனும் உங்களுக்குப் புத்தகத்தில் வேண்டாம். குலை விற்ற மகளும் வேண்டாம். உழைத்த இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு குடும்பத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அந்த ஒன்பது வருடத்தைச் சொல்லும்போது அவன் அழுதான். நான் அழவில்லை. என்னால் இன்னும் முடியவில்லை.

வியாழக்கிழமைச் சமையலுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். உங்களுக்குப் பிடித்த பயற்றம் பணியாரம் ஆர்த்தி சுடுகிறாள். அதன்பின் ஆண்டு முடிவில் ஆட்டைத் திவசம் வரும், வருடா வருடம் வரும். நேசன் இருக்கிற இடத்தில் இருந்து தன்னால் ஆனதைச் செய்வான். இங்கே உலை வைக்கப்போவது நான்தான். ஒரு வருடமும் தவற விடமாட்டேன், இது என் வாக்கு. கோபம் இருந்தால் கோபத்தோடேயே சமைத்து, கோபத்தோடேயே படைப்பேன். மன்னித்துவிட்டேன் என்று உங்கள் படத்துக்கு முன்னால் பொய் சொல்ல மாட்டேன். உண்மையாகவே ஆறுகிற வருடம் வந்தால், அதையும் நானே வந்து உங்களிடம் சொல்வேன். அதுவரைக்கும் சோறு வரும் அம்மா, சாப்பிடுங்கள்.

உங்கள் மூத்த பிள்ளை,
யோகராணி
வாழைக்குலை வியாபாரி, நீர்வேலி